இரண்டு பக்கமும் ஆடலாமா? ஹன்டரை வைத்துப் போடும் தப்புக் கணக்குகள்

அமெரிக்கன் ஃபுட்பாலில், கொலராடோ பல்கலைக்கழகத்தின் டிராவிஸ் ஹன்டர் 2024 சீசனில் வைட் ரிசீவராக, அதாவது பாஸ் பிடிக்க ஓடுபவராக, 96 பந்து பிடித்து 1,258 யார்டு எடுத்தார். 15 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கோல் பகுதிக்குள் நுழைவது). அதே சீசனில் எதிரணி ரிசீவரைத் தடுக்கும் கார்னர்பேக்காக நின்று எதிரணியின் 4 பாஸ்களைப் பறித்தார். கல்லூரி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதும் வந்தது. அதிலிருந்து அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் எந்த நட்சத்திரம் கிளம்பினாலும், 'இவனையும் அஃபென்ஸ் (பந்தோடு முன்னேறும் பிரிவு), டிஃபென்ஸ் (தடுக்கும் பிரிவு) இரண்டிலும் இறக்கலாமே' என்று பேச்சு எழுகிறது. கூடவே கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பிலும் சில தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

நம் ஊர்க்காரர்கள் செய்வது, கிரிக்கெட் ஆல்ரவுண்டர் மாதிரிதானே என்று நினைப்பது. ஆல்ரவுண்டர் அவுட் ஆனால் போய் உட்காரலாம். ஃபுட்பாலில் அஃபென்ஸ் பந்தை விட்டதுமே டிஃபென்ஸ் உள்ளே போக வேண்டும். மற்றவர்கள் பெஞ்சில் மூச்சு வாங்கியபடி, எதிரணி என்ன செய்தது என்று கோச்சிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நேரம் அது. இரண்டு பக்கமும் ஆடுபவருக்கு அது கிடைப்பதே இல்லை.

'அந்தக் காலத்தில் எல்லோரும் இரண்டு பக்கமும் ஆடினார்களே' என்பது அடுத்தது. ஆடினார்கள்தான். 1953 முதல் 1960களின் நடுப்பகுதி வரை கல்லூரி ஆட்டத்தில் ஆள் மாற்றுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது, வேறு வழியில்லை. எதிரில் நின்றவனும் அதே அளவு களைத்திருந்தான் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். இன்று ஹன்டரின் எதிரில் வந்து நிற்கும் ரிசீவர், அதற்கு முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தவர்.

ஸ்னாப்களை, அதாவது பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையையும், எண்ணிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் தவறு. எந்த இடத்தில் ஆடிய ஸ்னாப் என்று பார்க்க வேண்டும். ரிசீவரும் கார்னர்பேக்கும் ஒரே ஓட்டத்தை இரண்டு பக்கத்திலிருந்து ஓடுபவர்கள். ஒன்றில் கற்றது மற்றொன்றில் உதவும். 1997இல் ஹைஸ்மன் வென்ற மிச்சிகனின் சார்லஸ் வுட்சன், மறு ஆண்டு ஜார்ஜியாவின் சேம்ப் பெய்லி இருவருமே கார்னர்பேக்காக இருந்துகொண்டு பாஸ் பிடிக்கவும் போனவர்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக்காகவும், அவனை மறித்து வீழ்த்தும் லைன்பேக்கராகவும் ஒருவனை ஆடச் சொல்வது வேறு கதை. அங்கே ஏறக்குறைய ஒவ்வொரு ஸ்னாப்பும் மோதல்தான்.

ஆனால் பெரிய தவறு என்று நான் நினைப்பது, இதை உடல் தாங்குமா என்ற கேள்வியாக மட்டுமே பார்ப்பது. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை ஓடிவிடலாம். பயிற்சி நடக்கும் செவ்வாயும் புதனும்தான் சிக்கல். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி, சீசன் நடக்கும்போது கட்டாயப் பயிற்சிக்கு வாரத்துக்கு 20 மணி நேரம்தான். கூட்டங்கள், வீடியோ பார்ப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். ரிசீவர்கள் ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும்போதே கார்னர்பேக்குகள் வேறோர் அறையில் இருப்பார்கள். ஒன்றுக்குப் போனால் மற்றது போச்சு, இல்லையென்றால் சொந்த நேரத்தில் வீடியோ பார்த்துச் சரிக்கட்ட வேண்டும். பாஸ் வீசும் குவார்ட்டர்பேக்கோடு சேர்ந்து பழக வேண்டிய ரூட்டுகளும் (ரிசீவர் ஓடும் பாதைகள்) குறையும். இதைத் திட்டமிடாமல் நட்சத்திரத்தை இரு பக்கமும் எழுதிப் போடும் கோச், பாதி தயாரான இரண்டு ஆட்டக்காரர்களைத்தான் இறக்குகிறார்.

காயத்திலிருந்து திரும்பும் ஆளுக்கு முதல் நாளே முழுச் சுமையைக் கொடுப்பதும் இதே ரகம்தான். 2023 செப்டம்பரில் கொலராடோ ஸ்டேட் அணியுடன் ஆடும்போது, பாஸ் போன பின் எதிரணி ஆள் வந்து இடித்ததில் ஹன்டரின் கல்லீரலில் கிழிசல். மூன்று ஆட்டம் வெளியே இருந்துவிட்டு ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராகத் திரும்பினார். இரண்டு பக்கமும் ஆடினார். 13 பந்து பிடித்தார், 140 யார்டு, 2 டச்டவுன். ஸ்கோர் அட்டையை மட்டும் பார்த்தால் அட்டகாசம். அதே இரவில் ஸ்டான்ஃபோர்டின் எலிக் அயோமனோர் 294 யார்டு எடுத்தார். கூடுதல் நேரத்தில் ஹன்டரின் தலைக்கு மேலேயே ஒரு டச்டவுன் பிடித்தார். பாதி ஆட்டத்தில் 29-0 என்று முன்னிலையில் இருந்த கொலராடோ 46-43 என்று தோற்றது. களைப்புதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பிடித்த பந்துகளை எண்ணுபவர், விட்ட பந்துகளையும் எண்ண வேண்டும், அவ்வளவுதான். மறுபக்கமும் உண்டு: 2024இல் பேலருக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில், கோல் லைனில் பந்தைத் தட்டிவிட்டு ஆட்டத்தை முடித்தவரும் ஹன்டர்தான்.

சரி, ஆடலாமா கூடாதா? ஆம், இல்லை என்று ஒற்றைப் பதில் தேடினால் இந்தத் தவறுகள்தான் வரும். ஒரு பக்கத்தை முழுநேர வேலையாகக் கொடுத்துவிட்டு, மறுபக்கத்தில் மூன்றாம் டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), கோல் லைனுக்கு அருகில் என்று தேர்ந்தெடுத்த ஸ்னாப்களுக்கு மட்டும் அழைப்பது பெரும்பாலான அணிகளுக்குப் போதும். ஹன்டர் அளவுக்கு முழுமையாக ஆடியவர் அண்மைக் காலத்தில் வேறு யாரும் இல்லை. அவரை விதியாக வைத்துக்கொள்ளக் கூடாது.

தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அணி, கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் 2025 டிராஃப்டில் அவரை இரண்டாவதாக எடுத்தது. 7 ஆட்டங்களோடு, முழங்கால் லிகமென்ட் காயத்தால் அவருடைய முதல் சீசன் முடிந்தது. உடனே 'அப்போதே சொன்னோமே' என்று பலர் கிளம்பினார்கள். அந்தக் காயம் பட்டது பயிற்சியில், யாரும் வந்து மோதாமலே.