வயரிங் கோளாறுக்கு உங்கள் வண்டி ரீகாலில் இருக்கிறதா? நீங்களே பார்க்கலாம்

ஹெட்லைட்டைப் போட்டால் டாஷ்போர்டு பக்கம் லேசாகக் கருகல் வாடை. ஃபியூஸ் போயிருந்தது, மாற்றினேன், மறுநாளே திரும்பவும் போயிற்று. கடைசியில் பார்த்தால் என் மாடலுக்கே வயரிங் ரீகால், அதாவது குறையைச் சரிசெய்ய வண்டிகளைத் தயாரிப்பாளரே திரும்ப அழைப்பது, அறிவித்திருக்கிறார்கள். கடிதம் முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. நான் செகண்ட் ஹேண்டில் வாங்கியவன். அதனால் கடிதம் வரவில்லையே என்று யாரும் நிம்மதியாக இருக்க வேண்டாம்.

1. சேசிஸ் நம்பரை எடுங்கள்

இதைத்தான் வின் நம்பர் என்கிறார்கள். ரீகால் தேடும் தளத்தில் இதைத்தான் அடிக்க வேண்டும். பெரும்பாலும் 17 இடம். பதிவுச் சான்றிதழில் இருக்கும், டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கராக இருக்கும், பல கார்களில் முன்கண்ணாடியின் கீழ் ஓரத்திலும் தெரியும். எஞ்சின் நம்பர் வேறு, அதை அடிக்காதீர்கள்.

நான் சறுக்கியது இங்கேதான். அழுக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்து எழுதியதில் பூஜ்யம் இருந்த இடத்தில் 'ஓ' அடித்துவிட்டேன். தளம் "விவரம் கிடைக்கவில்லை" என்றது, நான் அதை "ரீகால் இல்லை" என்று எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் அதே வண்டியை ஓட்டினேன். இரண்டும் ஒன்றல்ல! நம்பர் சரியாக இருந்தால் பெரும்பாலான தளங்கள் மாடலையும் வருடத்தையும் காட்டிவிட்டுத்தான் நிலுவையில் ரீகால் உண்டா இல்லையா என்று சொல்லும். உங்கள் வண்டியின் பெயரே வரவில்லை என்றால் நம்பரைத் திரும்பப் பாருங்கள். 17 இட வின் நம்பரில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வரவே வராது, 1, 0 போலத் தெரிந்தால் அவை எண்கள்தான். டார்ச் அடித்து போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிப்பதுதான் என் சிபாரிசு.

2. எங்கே தேடுவது

முதலில் தயாரிப்பாளரின் தளம், அப்புறம் உங்கள் நாட்டு வாகனப் பாதுகாப்புத் துறைக்குத் தேடும் வசதி இருந்தால் அதுவும். வெளியார் ஆப்களை நான் நம்புவதில்லை. அரசுத் தளத்துக்கும் எல்லை உண்டு: அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்புத் துறையான என்.எச்.டி.எஸ்.ஏ. தேடலில் 15 வருடத்துக்கு மேல் பழைய ரீகால் பொதுவாக வராது.

3. ரீகால் இருந்தால்

அறிவிப்பை முழுக்கப் படியுங்கள். "கட்டடத்தை விட்டுத் தள்ளி, வெளியில் நிறுத்தவும்" என்று இருந்தால் அன்றைக்கே அப்படிச் செய்யுங்கள். சாவியை எடுத்த பிறகும் பேட்டரியிலிருந்து சில வயர்களில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும், நிறுத்திய வண்டி தீப்பிடிப்பது அதனால்தான்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடவே கூடாது. சிவப்பு 10 ஆம்பியர் இருந்த இடத்தில் மஞ்சள் 20 போட்டால் ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

சர்வீஸ் சென்டருக்கு போன் செய்து வின் நம்பரையும் ரீகால் எண்ணையும் சொல்லுங்கள். ரீகால் வேலைக்குப் பொதுவாகக் காசு வாங்க மாட்டார்கள். ஜாப் கார்டில் அந்த எண்ணை எழுதச் சொல்லி ஒரு நகல் வாங்கி வையுங்கள், வண்டியை விற்கும்போது உதவும்.

என் வண்டியைப் பிரித்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். வயர் கட்டு ஒரு இரும்பு பிராக்கெட்டின் விளிம்பில் உரசி உரசி, நகம் அளவுக்கு உறை தேய்ந்து செம்பு தெரிந்தது. பிராக்கெட்டிலும் அதே இடத்தில் பெயிண்ட் போய்ப் பளபளவென்று ஒரு கோடு. அந்த வயரை மாற்றி, மேலே ஸ்லீவ் போட்டு, கிளிப்பை நகர்த்தினார்கள். வேலை அவ்வளவுதான்.

பிற்சேர்க்கை: "ரீகால் காட்டுகிறது, ஆனால் பார்ட்ஸ் வரவில்லை என்கிறார்கள்" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். காத்திருப்போர் பட்டியலில் பெயர் பதியச் சொல்லுங்கள், அதுவரை வண்டியை ஓட்டலாமா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று: கூடுதல் ஹாரன், விளக்கு என்று வெளியே வயர் இழுத்திருந்தால், வண்டியை விடுவதற்கு முன் அந்த இணைப்புகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாசகரை சர்வீஸ் சென்டரில் பழியை அந்த வெளி வயர் மேல் போட்டுத் திருப்பி அனுப்பப் பார்த்திருக்கிறார்கள், படம் இருந்ததால் அவரால் பேச முடிந்தது.

ரீகால் அறிவித்த அன்றே எல்லா வின் நம்பரும் தளத்தில் ஏறிவிடாது. செய்தியில் உங்கள் மாடல் பெயர் அடிபட்டால் சில வாரம் கழித்து இன்னொரு முறை அடித்துப் பாருங்கள்.