குளத்தின் ஓரத்தைப் படிப்பது எப்படி?

இயற்கையைக் காக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் மண்வெட்டியைத்தான் தேடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்பேன். யார் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியாமல் கரையைச் 'சுத்தம்' செய்வது, ஆள் இருக்கும் வீட்டை இடிப்பதற்குச் சமம்.

நடந்தே போகக்கூடிய தூரத்தில் ஒரு சிறு குளத்தையோ குட்டையையோ தேர்ந்தெடுங்கள். யாருக்காவது சொந்தமானது என்றால் அனுமதி கேட்டுவிடுங்கள். நடுநீரை மறந்துவிட்டு, கணுக்கால் ஆழத்து ஓரத்தைப் பாருங்கள். சிற்றுயிர்களின் கூட்டம் அங்கேதான்.

முதல் நாள் கருவி எதுவும் வேண்டாம். கோரைத் தண்டுகளை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கவனியுங்கள். பழுப்பு நிறத்தில், ஆறு கால்களும் தண்டை இறுகப் பற்றியிருக்க, முதுகு பிளந்த ஒரு வெற்றுக்கூடு தென்படலாம். பிளவில் வெள்ளை நூல்கள் தொங்கும். அவை மூச்சுக்குழாய்களின் உள்பூச்சு. தட்டான் உரித்துப் போட்ட சட்டை அது. பறக்கும் தட்டான் எங்கிருந்தும் வந்திருக்கலாம். சட்டை கிடந்தால், அது இதே தண்ணீரில் வளர்ந்தது என்று பொருள். அதனால் பறப்பவற்றைவிடச் சட்டைகளை எண்ணுவதையே நான் நம்புகிறேன்.

அடுத்து, ஒரு வெள்ளைத் தட்டும் சல்லடையும் போதும். தட்டில் குளத்து நீரை ஊற்றி, செடிகளுக்கிடையே அரித்ததை அதில் கவிழ்த்து நிழலில் வையுங்கள். கலக்காதீர்கள். சேறு படியப் படிய ஒவ்வொன்றாக அசையத் தொடங்கும். வால்நுனியில் மூன்று இலைகள் போன்ற செவுள்கள் இருந்தால் ஊசித்தட்டானின் குஞ்சு. பின்புறத்தால் நீரைப் பீய்ச்சிப் பாய்கிற தடித்த பூச்சி, தட்டான் குஞ்சு. கீழுதட்டைச் சட்டென நீட்டிக் கொசுப்புழுவைப் பிடிப்பதும் அதுதான். சிவப்புப் புழுக்களின் நிறத்துக்குக் காரணம் ஹீமோகுளோபின். ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அவை பிழைக்கும். அவற்றைத் தவிர வேறு எதுவுமே சிக்கவில்லை என்றால் குளத்துக்கு உடம்பு சரியில்லை என்று சந்தேகப்படலாம். பார்த்தபின் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். படமும் தேதியும் குறித்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் பெயர் கண்டுபிடிக்க மற்றவர்கள் உதவுவார்கள்.

ஒருமுறையாவது விடியற்காலையில் போங்கள். இரவு முழுக்கச் செடிகளும் பாசிகளும் ஆக்சிஜனை உள்ளிழுக்க மட்டுமே செய்வதால், அப்போதுதான் நீரில் அதன் அளவு மிகக் குறைவு. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவா என்று பாருங்கள்.

இனி மண்வெட்டியைத் தொடலாம், ஆனால் அளவோடு. நீர்ச்செடி மண்டியிருந்தால் ஒரே மூச்சில் வழிக்காமல், மூன்றில் ஒரு பங்கை மட்டும் அகற்றுங்கள். எடுத்ததை ஓர் இரவு கரையோரமே போட்டுவைத்தால் உள்ளே சிக்கிய உயிர்கள் பல தண்ணீருக்கு ஊர்ந்து திரும்பிவிடும். கரைப் புல்லை ஒரு பட்டையாவது வெட்டாமல் விடுங்கள். வயலிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வழியும் உரத்தை அது ஓரளவு தடுக்கும். அந்த உரம் உள்ளே போனால் பாசிதான் கொழுக்கும்.

கொசுவை ஒழிக்கிறேன் என்று வெளியூர் மீனைக் கொண்டுவந்து விடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். வட அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் இப்படிப் பரப்பப்பட்ட கம்பூசியா, தலைப்பிரட்டைகளையும் உள்ளூர் மீன்குஞ்சுகளையும் சேர்த்தே தின்கிறது. வளர்த்துச் சலித்த தொட்டி மீனையும் ஆமையையும் குளத்தில் விடுவதும் இதே வகைதான்.

இன்னொரு குளத்துக்குப் போவதற்கு முன் சல்லடையையும் காலணியையும் சேறு போகக் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு பயணிக்கும்.