கடை போட்டதும் ஏறிய சொத்து வரி: தொகையை விடுங்கள், சதுர அடியைப் பாருங்கள்

வீட்டு முகப்பில் பலகாரக் கடை போட்ட மூன்றாம் மாதம் சொத்து வரி டிமாண்ட் வந்தது. அதுவரை அரையாண்டுக்கு 2,150 ரூபாய். வந்த தாளில் 5,375 ரூபாய். ஆத்தா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு டின் சீப்புச் சீடை வித்ததுக்கா இது?" என்றார்கள்.

வீட்டுத் தீர்வை என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் ரசீதைப் பீரோவில் போட்டு வைப்பது மட்டும்தான். நாலு மாதம் அலைந்து 2,135-க்குக் கொண்டுவந்தேன். ஆமாம், கடை இல்லாதபோது கட்டியதைவிட 15 ரூபாய் குறைவு. எப்படி என்று கேட்டு ஊரில் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதிவைக்கிறேன். இது 2023 கதை. அதன்பின் மாறியதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன். எந்த ஊர் அலுவலகம் என்பது வேண்டாம், அங்கே நல்லவர்களும் இருந்தார்கள்.

முதலில், உங்கள் ஊர் எதற்குள் வருகிறது?

சிரிக்காதீர்கள், இதிலேயே பலர் தடுக்கி விழுகிறார்கள். எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் போன்ற ஊராட்சிகளும் அதற்குள் போய்விட்டன. தேவகோட்டை நகராட்சி. பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் பேரூராட்சிகள். இவை எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம்தான்: தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998. அதற்கான விதிகள் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. ஆத்தங்குடி மாதிரி கிராம ஊராட்சியில் பட்டறையோ கடையோ வைத்திருந்தால் உங்களுக்கு ஊராட்சிச் சட்டம், 1994. வேறு கணக்கு, வேறு இணையதளம். இந்தப் பதிவு உங்களுக்கு அவ்வளவாக உதவாது.

டிமாண்டை எடுப்பது

தமிழக அரசின் 'டி.என். அர்பன் இ-பே' தளத்தில் வரிவிதிப்பு எண்ணைப் போட்டால் நிலுவை வரும். பழைய ரசீதில் உள்ள எண் வேலை செய்யாது, புது எண் வேண்டும். பில் கலெக்டரைக் கேட்டால் சொல்வார். எங்கள் வீடு இன்னும் ஐயா (தாத்தா) பெயரில்தான் இருக்கிறது (அவர் போய் முப்பது வருடம் ஆகிறது). அதனால் என் பெயரில் தேடித் தேடி ஒரு சாயங்காலம் வீணாயிற்று.

தளத்தில் தொகையைப் பார்க்கலாம், கட்டலாம், அதோடு சரி. அது எப்படி வந்தது என்று தெரிய அலுவலகத்தில் வரிவிதிப்புப் பதிவேட்டில் உங்கள் வீட்டுக்கான பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வாயால் கேட்டால் "சர்வர் இல்லை" என்பார்கள், எழுதிக் கொடுங்கள்.

வரி எப்படி ஏறுகிறது, எங்கே நிற்கிறது

கணக்கின் எலும்புக்கூடு இதுதான். ஊரை மண்டலங்களாகப் பிரித்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று ஓர் அடிப்படை மதிப்பு வைத்திருக்கிறார்கள். குடியிருப்புக்கு ஒன்று, வணிகத்துக்கு அதைவிடக் கூடுதலாக ஒன்று. அதைப் பரப்பளவால் பெருக்கி, ஆண்டு மதிப்புக்குக் கொண்டுவந்து, அதில் ஒரு பங்கை வரியாகப் போட்டு, இரண்டாகப் பிரித்து ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று என்று கேட்கிறார்கள். வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி.

உச்சவரம்பு என்று பேசுகிறார்களே, அது இந்தக் கணக்கில் எங்கே வருகிறது? 2022 ஏப்ரலில் வரியைச் சீரமைத்தபோது அரசு ஏற்றத்துக்கு அளவு வைத்தது. பதினைந்தாம் நிதிக்குழு, சொத்து வரியைச் சீர்திருத்தினால்தான் மானியம் என்று சொல்லியிருந்தது. சென்னைக்குத் தனி அளவு. நம் பக்கத்து ஊர்களில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. வணிகக் கட்டடத்துக்கு 100. தொழிற்சாலைக்கும் சுயநிதிப் பள்ளி, கல்லூரிக்கும் 75.

இதில் செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் வீடுகளில் எது 1,800 சதுர அடிக்குள் அடங்குகிறது? ஆள் இல்லாமல் பூட்டிக்கிடக்கிற வீட்டுக்கும் 100 சதவீதம், பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கிற ஜவுளிக்கடைக்கும் 100 சதவீதம்.

அதன்பின் ஆண்டுக்கு 6 சதவீத ஏற்றம் என்ற ஏற்பாடு வந்தது. 2024-இன் பின்பாதியில் பல ஊர்களில் அது டிமாண்டில் தெரிந்தது. எல்லா வருடமும் தானாக ஏறும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், ஏறாது என்றும் நம்பாதீர்கள். ஒவ்வொரு அரையாண்டும் தாளைப் பாருங்கள்.

நான் தலையில் அடித்துக்கொண்ட இடம் இதுதான். "உச்சவரம்பு இருக்கே, 2,150 எப்படி 5,375 ஆகும்?" என்று அலுவலகத்தில் சண்டை போட்டேன். வருவாய் ஆய்வாளர் பொறுமையாகச் சொன்னார்: "தம்பி, வரம்பு ரேட்டுக்குத்தான். உங்களுக்கு ரேட்டு ஏறலை. வகை மாறியிருக்கு." வகையும் பரப்பளவும் தப்பாக ஏறிவிட்டால் எந்த வரம்பும் காப்பாற்றாது. இன்னும் மோசம், அந்தத் தப்பான 5,375-ஐ அடிப்படையாக வைத்து அதன்மேல்தான் 6 சதவீதம் ஏறும். அரையாண்டுத் தொகையில் 128 ரூபாய் ஏற வேண்டியவனுக்கு 322 ரூபாய் ஏறியிருக்கும்.

பதிவேட்டில் இரண்டே இரண்டு கட்டங்கள்

பயன்பாடு, பரப்பளவு. மற்றதையெல்லாம் பிறகு பார்க்கலாம்.

என் பக்கத்தில் 'பயன்பாடு: வணிகம்', 'பரப்பளவு: 3,240' என்று இருந்தது. வீடு வெளிச்சுவருக்கு வெளிச்சுவர் 54 அடி அகலம், 60 அடி நீளம். பெருக்கினால் 3,240. பில் கலெக்டர் தெருவிலும் சந்திலும் டேப் பிடித்துவிட்டுப் போயிருக்கிறார், உள்ளேயே வரவில்லை. கடை இருப்பது முகப்பை ஒட்டிய ஓர் அறையில், 18-க்கு 11. அதாவது 198 சதுர அடி. மீதி முழுக்க ஆத்தா புழங்குகிற வீடு. நடுவில் வானம் பார்த்த வளவு வாசல் 20-க்கு 16, அதாவது 320 சதுர அடி. மழை பெய்தால் நனைகிற இடத்துக்கு இத்தனை வருடமாகக் கட்டட வரி கட்டியிருக்கிறோம்!

அளப்பது (இங்கேதான் நான் கவிழ்ந்தேன்)

முதல் தடவை அறை அறையாக உள்ளே அளந்து கூட்டினேன். 2,310 வந்தது. சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனேன். ஆய்வாளர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சுவரெல்லாம் எங்க போச்சு?"

பரப்பளவு என்றால் கூரைக்குக் கீழே உள்ளது, சுவரையும் சேர்த்து. நம் வீட்டுச் சுவர்கள் தடிமன் என்பது வெயில் காலத்தில் பெருமை, வரி கட்டும்போது இல்லை. ஆகவே வெளிச்சுவரை அளந்து மொத்தத்தை எடுங்கள். அதிலிருந்து வானம் தெரிகிற இடத்தை மட்டும் கழியுங்கள். வளவைச் சுற்றி ஓடுகிற பத்தி (தாழ்வாரம்), தூணோடு சேர்த்துக் கணக்கில் வரும். ஓடு வேய்ந்த திண்ணையும் வரும். பின்கட்டில் கூரையில்லாத கிணற்றடி வராது.

எனக்குக் கிடைத்தது: 3,240-இல் 320 போக 2,920. அதில் கடை 198, வீடு 2,722.

கருவி விஷயத்தில் என் கட்சி தெளிவானது. 30 மீட்டர் ஃபைபர் டேப், கூடப் பிடிக்க ஓர் ஆள், கட்டம் போட்ட கிராஃப் தாள். போன் ஆப்பை நம்பாதீர்கள். ஆத்தங்குடிக் கல் பளபளப்பில் அதற்குத் தரை எது, சுவர் எது என்றே தெரியவில்லை. லேசர் மீட்டரை இரவல் வாங்கிப் பார்த்தேன். அறைக்குள் அருமை, உச்சி வெயிலில் வளவு வாசலில் சிவப்புப் புள்ளியே தெரியாது.

மனு

வெள்ளைத்தாளில் ஒரு பக்கம் போதும். பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கு, நகராட்சி, மாநகராட்சி என்றால் ஆணையாளருக்கு. அநியாயம், அக்கிரமம் என்றெல்லாம் எழுதாதீர்கள். நான் எழுதியது இவ்வளவுதான்: "பதிவேட்டில் 3,240 சதுர அடி முழுவதும் வணிகம் என உள்ளது. கூரையுள்ள பரப்பு 2,920. அதில் வணிகம் 198, குடியிருப்பு 2,722. இடத்தைப் பார்வையிட்டுத் திருத்த வேண்டுகிறேன்."

கூடவே கிராஃப் தாள் வரைபடம், நாலு போட்டோ, இரண்டு கரண்டு பில். இந்தக் கரண்டு பில்தான் துருப்புச் சீட்டு. கடை அறைக்கு மட்டும் தனி மீட்டர் வாங்கி வணிகக் கட்டணத்தில் வைத்திருந்தேன். வீட்டுக்கு வீட்டுக் கட்டணம். எது கடை, எது வீடு என்று மின்வாரியமே பிரித்துக் காட்டிவிட்டது. நீங்கள் ஒரே மீட்டரில் ஓட்டிக்கொண்டிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், அது எப்படியும் தப்பு.

பங்காளிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஐந்து புள்ளி, அதாவது ஐந்து குடும்பம். பார்வையிட வந்த அன்று சென்னையிலிருந்து வந்திருந்த பெரியப்பச்சி (பெரியப்பா) மகன், "யாரைக் கேட்டு வீட்டை அளக்கிறீங்க?" என்று வாசலில் நின்றுவிட்டார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. வரி ஏறினால் எல்லாப் புள்ளிக்கும்தானே ஏறும்.

மனுவைக் கொடுத்ததும் தேதியோடு ஒப்புகை முத்திரை வாங்குங்கள். அது இல்லாமல் நகராதீர்கள். அங்கே திருத்தவில்லை என்றால் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். கெடு நோட்டீசிலேயே இருக்கும். எனக்கு அதுவரை போகவேண்டி வரவில்லை.

மனு நிலுவையில் இருக்கும்போது கட்டுவதா?

கட்டுங்கள். நான் 5,375-ஐயும் கட்டிவிட்டேன். தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் வட்டி ஓடும், பாக்கி வைத்திருப்பவன் மனுவுக்கு அலுவலகத்தில் மரியாதையும் குறைவு. திருத்தம் வந்தபின் கூடுதலாகக் கட்டிய 3,240 ரூபாயை அடுத்த அரையாண்டுக்கு வரவு வைத்தார்கள். (சதுர அடியும் 3,240, ரூபாயும் 3,240. அலுவலகத்தில் இதைச் சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை.)

அரையாண்டு தொடங்கி முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30 அல்லது அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. இதற்கும் உச்சவரம்பு உண்டு, 5,000 ரூபாய். அரையாண்டு வரி ஒரு லட்சத்தைத் தாண்டுகிற மண்டபக்காரர்களுக்குத்தான் அந்த வரம்பு இடிக்கும். எனக்கு மிச்சம் 106 ரூபாய் 75 காசு.

தொழில் வரி தனி. அதைச் சொத்து வரியோடு குழப்பாதீர்கள். ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் அதை வாங்கக்கூடாது என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 276-ஆவது பிரிவே சொல்கிறது.

பின்சேர்க்கை 1: புதுவயலில் அரிசி ஆலை வைத்திருக்கிற ஒருவர் தன் ஆலையை வணிகம் என்று போட்டிருப்பதாக எழுதியிருந்தார். ஆலை தொழிற்சாலை வகையில் வரவேண்டும். 2022 ஏற்றம் உங்களுக்கு 75, 100 இல்லை. ஆனால் வளாகத்து வாசலில் சில்லறை விற்பனைக்கென்று கடை கட்டியிருந்தால் அந்தப் பகுதி வணிகம்தான்.

பின்சேர்க்கை 2: கானாடுகாத்தான் பக்கம் வீட்டை விருந்தினர் விடுதியாக்கியவர், படுக்கையறைகளை மட்டும் வணிகமாகக் காட்டலாமா என்று கேட்கிறார். என் அபிப்பிராயம், முடியாது. வருகிறவர்கள் பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்து, வளவில் சாப்பிட்டு, முகப்பில் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குத்தானே காசு வாங்குகிறீர்கள்? பூட்டி வைத்திருக்கிற பின்கட்டு இருந்தால் அதைப் பிரித்துக் கேளுங்கள்.

பின்சேர்க்கை 3: வளவு வாசலைக் கழிக்கச் சொன்னதை நம்பி மனு போட்டவருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று தகவல். விசாரித்தால், குரங்குத் தொல்லைக்குப் பயந்து வாசலுக்கு மேல் கண்ணாடி மாதிரித் தகடு போட்டிருக்கிறார். வெளிச்சம் வந்தாலும் அது கூரை. எங்கள் வாசலுக்குக் கம்பி வலை மட்டும்தான். ஆய்வாளர் வந்தபோது நல்லவேளையாகத் தூறல். அவர் தோளில் நாலு சொட்டு விழுந்தது, அப்போதே பேனாவை எடுத்து 320-ஐக் கழித்துக் குறித்துக்கொண்டார்.