பிடிஎஃப் அறிக்கையில் உடைந்த ‘தொகை’

வாடிக்கையாளர் கணக்கு அறிக்கையைத் தளத்திலிருந்து பிடிஎஃப்பாக இறக்கினால் ‘தொகை’யில் கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றன. நான்கைந்து ஃபான்ட் மாற்றிப் பார்த்தது வீண். பிடிஎஃப் உருவாக்கிய பழைய லைப்ரரி யூனிகோடை வந்த வரிசையிலேயே வரைகிறது. கொம்பை முன்னால் நகர்த்த அதற்குத் தெரியாது. ஹெட்லெஸ் குரோமுக்கு (திரையில் சாளரம் திறக்காமல் ஓடும் குரோம் உலாவி) மாறியதும் சரியானது. சர்வரில் நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட் போட மறந்தால் வெறும் கட்டங்கள்தான் வரும்.

குரோமை நிரல் வழியாக இயக்கும் பப்பெட்டியர் லைப்ரரியில் தாள் அளவு சொல்லாவிட்டால் ஏ4 வராது, அமெரிக்கத் தாள் அளவான லெட்டர் வரும். அதிலுள்ள பிரின்ட்பேக்கிரவுண்ட் ஆப்ஷனை ட்ரூ ஆக்காவிட்டால் தலைப்பின் பின்னணி நிறம் காணாமல் போகும்.

அட்டவணைத் தலைப்பு ஹெச்டிஎம்எல்லின் டிஹெட் டேகுக்குள் இருந்தால்தான் பக்கந்தோறும் திரும்ப வரும். வரிசை பாதியில் வெட்டுப்படாமலிருக்க வரிசைக்கான டிஆர் டேகுக்கு சிஎஸ்எஸ்ஸில் பிரேக்-இன்சைடு: அவாய்ட் கொடுக்க வேண்டும். அட்டவணையைச் சுற்றியுள்ள பெட்டிக்கு டிஸ்ப்ளே: ஃப்ளெக்ஸ் இருந்தால் இது சொதப்பலாம். அச்சுக்கான சிஎஸ்எஸ்ஸில் அதை டிஸ்ப்ளே: பிளாக் ஆக்கிவிட்டேன்.