வள்ளத்துக்குப் பை வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன தை மாதம் சுண்டிக்குளத்தில் வள்ளத்துக்குக் காத்து நின்றேன். கிளிநொச்சியில் இருந்து வந்த நாலு பொடியள் பக்கத்தில் நின்றார்கள். ஒருவனின் முதுகில் புத்தம் புதிய பாக், விலைச்சீட்டுக்கூடக் கழற்றவில்லை. கையால் தண்ணீரை அள்ளித் தெளித்து, அது முத்து முத்தாக உருண்டோடுவதைக் கூட்டாளிகளுக்குக் காட்டினான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. எட்டு வருசத்துக்கு முந்தி அதே கரையில் அதே வித்தையை நானும் காட்டியிருக்கிறேன்.

ஸிப்பை மூடு, போனை வெளிப்பொக்கற்றில் வைக்காதே என்பதெல்லாம் நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை.

மழைப் பையை வள்ளத்தில் ஏற்றுவது

என் காசைத் தின்ற தவறு இது. நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும்.

சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவானது. நான் போனது பூநாரை படமெடுக்க. களப்பில் பெரிய ஆழமில்லை, பை விழுந்தாலும் எடுத்துவிடலாம் என்று இருந்தேன். பை விழவேயில்லை. வள்ளத்தின் அடியில் நாலு விரல் தண்ணீர் எப்போதும் நிற்கும்: அலை தெறித்தது, ஈர வலையில் வடிந்தது, நாங்கள் காலோடு கொண்டுவந்தது. அதற்குள் பை இரண்டு மணித்தியாலம் குந்தியிருந்தது.

மழை மேலிருந்து விழுந்து வழிந்துவிடும். வள்ளத்துத் தண்ணீர் கீழிருந்து வரும், நின்று ஊறும். துணியில் பூச்சு இருந்தது உண்மைதான். ஆனால் அடித்தையல் நெடுக ஊசி போட்ட ஓட்டைகள், மேலே கமராவின் பாரம். போதாததற்கு நான் றெயின் கவரும் போட்டிருந்தேன். முதுகுப் பக்கத்தால் இறங்கிய தண்ணீர் அந்தக் கவருக்குள் சட்டியில் நிற்பதுபோல் நின்றது. கரையில் தூக்கியபோது கவரில் இருந்து கொட்டிய தண்ணீரில் என் முழங்கால் நனைந்தது. திருத்தக் கொடுத்த கடையில் கமராவைக் கழற்றி, உள்ளே செம்பு பச்சை பிடித்திருந்ததைக் காட்டிக் கையை விரித்தார்கள்.

வள்ளக்கார அண்ணையின் போனும் வெற்றிலையும் அகல வாய்க் கான் ஒன்றுக்குள் இருந்தன. திருகு மூடி. காய்ந்தபடி. “தம்பி, உன்ர பை சைக்கிள்ல போறவைக்குச் செய்தது” என்றார்.

ஆகவே வாங்கும்போது துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உட்புறத்தை வெளியே புரட்டி, மூட்டுகளைப் பாருங்கள். நூல் தெரிந்தால் அது தைத்த பை. நூலுக்கு மேல் நாடா ஒட்டியிருந்தாலும் நாள்பட அது உரியும். சூட்டில் உருக்கி ஒட்டிய மூட்டில் நூலே இராது. அடுத்தது, தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ஐ.பி.எக்ஸ். எண். ஐ.பி.எக்ஸ். 4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். ஐ.பி.எக்ஸ். 7 என்றால் 1 மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். வெறுமனே ‘வாட்டர் புரூப்’ என்று எழுதியிருந்தால் அதை எழுத்தாக மட்டும் எடுங்கள். கடையிலேயே காற்றை உள்ளே பிடித்து, வாயைச் சுருட்டிப் பூட்டி, பையை நெஞ்சோடு அணைத்து அமத்துங்கள். காதில் ‘சீ’ என்று கேட்டால் திருப்பிக் கொடுங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

ஸிப் வாய்

வேண்டாம். சுருட்டும் வாய்தான்.

வாய்வரை அடைப்பது

சுருட்டு வாய் குறைந்தது மூன்று சுற்றுச் சுற்றினால்தான் பிடிக்கும். 20 லீட்டர் பையில் 20 லீட்டர்ச் சாமான் அடைத்தால் சுருட்ட இடமேது? 30 லீட்டர் எடுங்கள். மடிப்பில் சாரத்தின் தலைப்பு ஒன்று சிக்கினாலும் அது திரிபோலத் தண்ணீரை உள்ளே இழுக்கும்.

கறுப்புப் பை

விழுந்தால் தெரியாது. செம்மஞ்சள் வாங்குங்கள்.

முதுகில் மாட்டியபடி இருப்பது

காற்றடைந்த பை மிதக்கும். 5 கிலோ சாமானுள்ள 20 லீட்டர் பை முழுக்கத் தண்ணீருக்குள் போனால் ஏறக்குறைய 15 கிலோ விசையில் மேலே தள்ளும். அது முதுகில் இருந்தால் முகம்தான் தண்ணீருக்குள் போகும். இடுப்புக் கிளிப்பும் பூட்டியிருந்தால் கழற்றவும் அவகாசம் கிடையாது. முதுகில் இருந்து கழற்றி, வள்ளத்துப் பலகையில் குட்டைக் கயிற்றால் கட்டுங்கள். உடம்பில் லைஃப் ஜாக்கெற் மட்டும் இருக்கட்டும்.

வெயிலில் காயப்போடுவது

களப்புத் தண்ணீரில் உப்பு உண்டு. கிணற்றுத் தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். ஈரத்தோடு சுருட்டித் தகரக் கூரைக்குக் கீழே போட்டுவிட்டால், சில வருசத்தில் உட்பூச்சு பிசுபிசுத்து உரியத் தொடங்கும். என் இரண்டாவது பை அப்படித்தான் போனது.

அந்தப் பொடியனிடம் இவ்வளவும் சொல்ல நேரமிருக்கவில்லை. அடித்தையலை மட்டும் காட்டினேன். சிரித்தான். வள்ளக்கார அண்ணை ஒன்றும் பேசாமல் கானின் மூடியைத் திருகி நீட்டினார். வெற்றிலைக்குப் பக்கத்தில் நாலு போனும் போயின.