சென்னையிலிருந்து புனேவுக்கு: புது வேலைக்கு அம்மா அப்பாவோடு காரில்

சுமார் 1,200 கி.மீ. தேசிய நெடுஞ்சாலை 48 கடைசி வரை கூடவே வரும். தனியாகப் போனால் இரண்டு நாள் போதும். அறுபது தாண்டியவர்கள் கூட வந்தால் தும்கூரில் ஓர் இரவு, பெல்காமில் ஓர் இரவு என்று மூன்று நாளாகப் பிரியுங்கள். இருட்டுவதற்குள் அறைக்குப் போய்விட வேண்டும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஐந்து நிமிடம் நடக்கவையுங்கள். நெடுநேரம் மடக்கிய காலில் ரத்தம் உறையலாம். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பார்கள், விடாதீர்கள். பெட்ரோல் பங்க் வரும்போதெல்லாம் நீங்களே கேளுங்கள். மாத்திரைகள் டிக்கியில் அல்ல, கைப்பையில். இன்சுலினை வெயிலில் நிற்கும் காரில் விடக்கூடாது, ஐஸில் நேரடியாகவும் படக்கூடாது.

வீட்டுச் சாமான் ஏற்றியபின், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றடியுங்கள். முழுச் சுமைக்கான அளவு ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும். கனமானவை பின்சீட்டை ஒட்டிக் கீழே இருக்கட்டும். புனேவுக்கு முன் வரும் கம்பட்கி மலைச்சரிவில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்காமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். சூடேறினால் பிரேக் பிடிக்காது.

ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கட்டும். வழியில் வண்டி நின்றால் 1033. புனேயில் 12 மாதத்துக்கு மேல் வண்டி ஓடினால் மறுபதிவு கட்டாயம், ஆர்.டி.ஓ.வில் தடையில்லாச் சான்றைக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள்.