சின்ன ஒர்க்‌ஷாப்புக்கு கரண்ட்: எர்த்திலிருந்து தொடங்குங்கள்

பெங்களூரு பீன்யா பக்கம் ஷெட் வாடகைக்கு எடுத்து, ஒரு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், ஒரு வெல்டிங் செட் என்று தொழில் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒயரிங்கை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். ஆனால் அவர் என்ன செய்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் லோடு கணக்கு. ஒரு எச்.பி. என்பது 746 வாட். 415 வோல்ட் த்ரீ ஃபேஸில் 3 எச்.பி. மோட்டார் சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப்போல் ஆறு மடங்கு வரை போகும். எல்லா மிஷினின் நேம் பிளேட்டையும் பார்த்துக் கூட்டி, அதற்கேற்ற லோடு பெஸ்காமில் (பெங்களூரு மின் விநியோக நிறுவனம்) வாங்குங்கள். வெல்டிங் செட்டுக்குத் தனி லைன்.

அடுத்தது எர்த், அதாவது மிஷின் பாடிக்கு வரும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் இணைப்பு. மிஷின் வருவதற்கு முன்பே குழி தோண்டிவிடுங்கள், அப்புறம் இடம் கிடைக்காது. 40 மில்லிமீட்டர் ஜி.ஐ. பைப், குறைந்தது இரண்டரை மீட்டர் ஆழம், சுற்றிலும் கரியும் உப்பும், மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனல். 415 வோல்ட்டில் ஓடும் மோட்டாரின் பாடிக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு வேண்டும் என்பது விதி. 'ஒண்ணு போதும் சார்' என்பார்கள். போதாது. ஒன்று கழன்றால் இன்னொன்று இருக்க வேண்டும்.

குழி முடிந்ததும் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 100 வாட் குண்டு பல்பைப் போட்டு, 'பாருங்க, எரியுது' என்று காட்டுவது வழக்கம். இதை நம்ப வேண்டாம். அந்த பல்புக்கு அரை ஆம்பியர்கூடத் தேவையில்லை. எர்த்தின் தடை 50 ஓம் இருந்தாலும் பளிச்சென்று எரியும். எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குக் கீழே வர வேண்டும்.

அந்த 5 ஓம் வந்துவிட்டாலும் வேலை முடியவில்லை. ஒரு ஃபேஸ் ஒயர் உரிந்து லேத் பாடியைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். 230-ஐ 5-ஆல் வகுத்தால் 46 ஆம்பியர். அதற்கு மேல் குழி வழியாகப் போகாது. எம்.சி.பி. என்பது கரண்ட் அதிகமானால் தானாக விழுந்து (ஆஃப் ஆகி) லைனை அறுக்கும் சுவிட்ச். 16 ஆம்பியர் சி டைப் எம்.சி.பி. உடனே விழ வேண்டுமானால் குறைந்தது 80 ஆம்பியர் வேண்டும். ஆகவே அது பல விநாடிகள் சும்மா இருக்கும். அதுவரை பாடியில் கரண்ட் நிற்கும், ஆபரேட்டரின் கை ஹேண்டிலில் இருக்கும். எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றத்தான். ஆளைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும், அதாவது கரண்ட் கசிந்தாலே லைனை அறுக்கும் சுவிட்ச்; த்ரீ ஃபேஸுக்கு நாலு போல் (மூன்று ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து அறுப்பது). ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி வரும் ஒயரிங்கில் எங்கேயும் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அது அடிக்கடி விழும். எரிச்சலில் யாராவது அதைக் கழற்றிவிடுவார்கள். எர்த்துக்குப் பதில் நியூட்ரலை மிஷின் பாடியில் கட்டுவது இன்னும் மோசம். நியூட்ரல் எங்காவது அறுந்தால் பாடி முழுக்க கரண்ட்தான்.

ஒவ்வொரு மோட்டாருக்கும் ஓவர்லோடு ரிலேயுடன் (கரண்ட் அதிகமானால் மோட்டாரை நிறுத்துவது) டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் (மோட்டாரை நேரடியாக லைனில் சேர்ப்பது) போடுங்கள். ரிலேயை நேம் பிளேட்டில் உள்ள ஆம்பியருக்கே செட் செய்யுங்கள்; 'அடிக்கடி விழுது' என்று ஏற்றி வைத்தால் ரீவைண்டிங் கடைக்குத்தான் லாபம். ஒரு ஃபேஸ் போய்விட்டால் மோட்டார் உறுமிக்கொண்டே காயில் கருகும், அதற்கு ஒரு சிங்கிள் ஃபேஸ் பிரிவென்ட்டரும் சேருங்கள். ஸ்டார்ட்டரில் இன்னொரு நன்மை: கரண்ட் போய் வந்தால் மிஷின் தானாக ஓடாது. சாதா சுவிட்ச் போட்ட டிரில்லிங் மிஷின் ஓடும். பிட் மாற்றிக்கொண்டிருக்கும் கை என்னாகும்?

கடைசியாக எர்த் ஒயரை மிஷினில் முடுக்கும் இடம். பெயின்ட் மேலேயே லக்கை (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து போல்ட் போட்டுவிடுவார்கள். பெயின்ட் கரண்டைக் கடத்தாது. உப்புத்தாள் போட்டு இரும்பு மின்னும்வரை தேய்த்து, பல் வாஷர் வைத்து முடுக்கச் சொல்லுங்கள். பிறகு மெயினை ஆஃப் செய்துவிட்டு, மிஷினின் பெயின்ட் இல்லாத ஒரு இடத்துக்கும் போர்டில் உள்ள எர்த் பாருக்கும் மல்டிமீட்டர் வையுங்கள். ஒரு ஓமுக்கு மேல் காட்டினால் எங்கோ லூஸ்.

லேத் தலைகீழாகச் சுற்றினால் பயப்பட வேண்டாம், எலக்ட்ரீஷியன் இரண்டு ஃபேஸை மாற்றிப் போட்டால் சரி. மாதம் ஒரு தடவை ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அமுக்குங்கள். விழவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள். மார்ச், ஏப்ரலில் மண் காய்ந்து எர்த்தின் ஓம் ஏறும், புனலில் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள்.